கற்பூரவள்ளிக் கேலஸ்: கரைப்பானைக் குறை சொல்வதற்கு முன்னால்

தம்பி கேட்டது இதுதான்: திசு வளர்ப்பில் கற்பூரவள்ளி இலைத் துண்டிலிருந்து கேலஸ், அதாவது தண்டு, இலை என்று வடிவம் எடுக்காத செல் திரள், வளர்த்திருக்கிறார். அதை அரைத்து 80 சதவீத மெத்தனாலில் 24 மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, டிபிபிஎச் சோதனை பார்த்தால் ஐசி50 மில்லிக்கு 430 மைக்ரோகிராம் என்று வருகிறது. வீட்டுத் தொட்டியில் நிற்கும் அதே செடியின் இலைக்கு 70தான் வருகிறது. கைடு “ஆப்டிமைசேஷன் பண்ணு” என்று சொல்லிவிட்டார். எந்தக் கரைப்பான், எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் வைத்தால் கேலஸின் எண் இறங்கும் என்பது கேள்வி. படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வரி: டிபிபிஎச் என்பது ஆன்டி-ஆக்சிடன்ட் பட்டால் ஊதா நிறம் மங்கும் ஒரு பொருள்; ஐசி50 என்பது டிபிபிஎச்சில் பாதியை அணைக்கத் தேவைப்படும் சாற்றின் அளவு, அதனால் எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

கரைப்பான், சூடு, நேரம் மூன்றையும் சொல்கிறேன், ஆனால் கடைசியில். ஏனென்றால் நீங்கள் இழந்திருப்பதில் பெரும்பகுதி மெத்தனாலைத் தொடுவதற்கு முன்பே போய்விட்டது என்பது என் கணிப்பு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள், செலவே இல்லை. ஒரு கேலஸ் பாட்டிலைத் திறந்து மோந்து பாருங்கள். பிறகு வீட்டுச் செடியின் ஓர் இலையைக் கசக்கி மோந்து பாருங்கள். இலையில் மூக்கைத் துளைக்கிற வாசம் வரும், கேலஸில் ஈரமான மாவு வாசம்தான் வரும். அந்த வாசத்துக்குக் காரணம் கார்வக்ரோல், தைமால் மாதிரியான ஆவியாகும் பீனால்கள். அவை இலையின் மேலே இருக்கிற சுரப்பி முடிகளில் உண்டாகின்றன. கேலஸுக்கு முடியும் இல்லை, சுரப்பியும் இல்லை, அது வெறும் செல் உருண்டை. ஆகவே இலையோடு ஒப்பிட்டு அதே பொருள்களை கேலஸில் தேடினால் உலகத்தில் எந்தக் கரைப்பானாலும் கிடைக்காது. வாசப் பொருள்கள்தான் வேண்டும் என்றால் கேலஸை விட்டுவிட்டுப் பாட்டிலுக்குள்ளேயே தண்டு, இலை வர வைக்கும் வழிக்குப் போங்கள். அந்தக் குட்டி இலைகளில் முடி வரும், வாசமும் வரும்.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். கற்பூரவள்ளியில் இன்னொரு சரக்கு இருக்கிறது: ரோஸ்மரினிக் அமிலம், ஆவியாகாத ஒரு பீனால். இதை உண்டாக்கச் சுரப்பி தேவையில்லை, சாதாரண செல்லே செய்யும். இதே பேரினத்தைச் சேர்ந்த அலங்காரக் கோலியஸ் செடியின் செல்களைத் திரவத்தில் வளர்த்து, 1970களிலேயே, செடியில் இருப்பதைவிட அதிகமாக எடுத்துக் காட்டிவிட்டார்கள். அதிலும் செல்களுக்கு உணவான வளர்தளத்தில் சர்க்கரையைக் கூட்டக் கூட்ட அமிலமும் கூடியது. எனவே உங்கள் கேலஸ் மக்குப் பிள்ளை இல்லை, நீங்கள் வேறு பாடத்தில் பரீட்சை வைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

சரி, அடுத்தது அரைப்பது. “கேலஸை அரைத்து” என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். உரலில் பச்சையாக அரைத்தீர்களா? அரைத்த விழுது இரண்டு நிமிடத்தில் பழுப்பாக மாறியதா? மாறியிருந்தால் உங்கள் ஆன்டி-ஆக்சிடன்ட்டில் ஒரு பங்கு உங்கள் கண் முன்னாலேயே ஆக்சிஜனேற்றம் ஆகிவிட்டது. செல்லுக்குள் அந்த ஆன்டி-ஆக்சிடன்ட் பீனால்கள் வாக்குவோல் என்கிற பையில் தனியாக இருக்கும், அவற்றைக் கெடுக்கும் பாலிபீனால் ஆக்சிடேஸ் நொதி வேறு அறையில் இருக்கும். உரலில் குத்தியதும் சுவர் உடைந்து இரண்டும் கலந்துவிடும். இது நம் அடுப்படியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வாழைப்பூவை நறுக்கியதும் அம்மா ஏன் மோரில் போடுகிறார்கள்? மோரின் புளிப்பில் அந்த நொதி சரியாக வேலை செய்யாது. ஆய்வகத்திலும் அதேதான்: திரவ நைட்ரஜன் இருந்தால் உறைய வைத்து அரையுங்கள். இல்லையென்றால் கேலஸை வெட்டாமல் அப்படியே, 60 டிகிரியில் வைத்திருக்கும், துளி ஃபார்மிக் அமிலம் அல்லது அசிட்டிக் அமிலம் சேர்த்த 80 சதவீத எத்தனாலில் போட்டு, ஐந்து நிமிடம் கழித்து அதற்குள்ளேயே நசுக்குங்கள். எத்தனால், சூடு, புளிப்பு மூன்றும் சேர்ந்து நொதியை அடக்கிவிடும். விழுது வெளிர் மஞ்சளாகவே நிற்கும், பார்த்தாலே தெரியும்.

பச்சைக் கேலஸில் இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. கேலஸில் 90 முதல் 95 சதவீதம் தண்ணீர். 5 கிராம் கேலஸை 20 மில்லி 80 சதவீத மெத்தனாலில் போட்டால், கேலஸுக்குள் இருக்கும் ஏறக்குறைய 4.7 மில்லி தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். 16 மில்லி மெத்தனால், மொத்தம் 24.7 மில்லி. உங்கள் 80 இப்போது 65 ஆகிவிட்டது. ஆய்வுக் கட்டுரையில் 80 என்று எழுதுவீர்கள், பாட்டிலுக்குள் நடந்ததோ 65இல். காய்ந்த இலைப் பொடிக்கு இந்தத் தொல்லை இல்லை, அதனால் இரண்டையும் ஒரே கரைப்பானில் எடுத்தேன் என்று சொல்லவே முடியாது.

ஆகவே காய வைத்துப் பொடியாக்கி எடுப்பதுதான் ஆப்டிமைசேஷனுக்குச் சரி. உறைநிலை உலர்த்தி கிடைத்தால் முதல் தரம். இல்லையென்றால் 40 டிகிரி ஓவனில், மெல்லிசாகப் பரப்பி. நிழலில் காய வைக்கிற யோசனையை நம் கடற்கரை ஊர்களில் மறந்துவிடுங்கள். மதுரையில், சிவகங்கையில் வேண்டுமானால் நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் நன்றாகக் காய்ந்த கருவாடே நசுநசுத்துப் போகிறது, கேலஸ் பொடி எம்மாத்திரம்? அதிலும் கேலஸ் பொடியில் சர்க்கரையும் உப்பும் இருப்பதால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காலையில் 200 மில்லிகிராம் என்று எடைபோட்டுத் திறந்து வைத்த பொடி மதியம் அதைவிடக் கூடுதலாகக் காட்டும், கட்டியும் பிடிக்கும். காய்ந்ததும் சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு மூடி, ஃப்ரீசரில் வையுங்கள். எடுக்கும்போது குப்பி அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் குளிர்ந்த பொடிமேல் பனி பூத்துவிடும்.

இப்போது அந்த 430க்கு வருவோம். இதில்தான் பெரிய ஏமாற்று இருக்கிறது. உங்கள் எம்எஸ் வளர்தளத்தில், முராஷிகேயும் ஸ்கூகும் 1962இல் வெளியிட்ட அதே கணக்கில், லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை போட்டிருப்பீர்கள். 100 கிராம் பச்சைக் கேலஸ் என்றால் காய்ந்த எடை சுமார் 6 கிராம்தான். கேலஸுக்குள் இருக்கும் 94 மில்லி தண்ணீரில் வளர்தளத்தின் அளவுக்கே சர்க்கரை இருந்தால் அதுவே 2.8 கிராம்! காய்ந்த எடையில் ஏறக்குறைய பாதி. செல்கள் சாப்பிடச் சாப்பிட இது குறையும் என்பது உண்மைதான், ஆனால் 15 நாள் கேலஸில் நிறையவே மிச்சம் இருக்கும். சர்க்கரை 80 சதவீத மெத்தனாலில் ஓரளவு கரைந்து உங்கள் சாற்றோடு வந்துவிடும். நீங்கள் சாற்றைக் காய்ச்சி, அந்தப் பிசுபிசுப்பை எடைபோட்டு, மில்லிக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று கணக்குப் போட்டால், எடையில் பாதி சர்க்கரை என்கிறபோது ஐசி50 தன்னால் இரண்டு மடங்காகும். சரக்கு மட்டமில்லை, பாதி மூட்டை மணல்.

இதற்கு இரண்டு வழி. கணக்கை மாற்றுங்கள்: சாற்றின் எடைக்கு இல்லாமல், காய்ந்த கேலஸ் ஒரு கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் ட்ரோலாக்ஸுக்கு (ஒப்பிட்டு அளக்கப் பயன்படும் ஆன்டி-ஆக்சிடன்ட்) சமம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் சர்க்கரையை நீக்குங்கள்: எத்தனாலைப் போக்கிய நீர்ச் சாற்றை பிஎச் 2 அல்லது 3க்குக் கொண்டுவந்து எத்தில் அசிட்டேட்டோடு குலுக்கினால் ரோஸ்மரினிக் அமிலம் மேலே ஏறிவிடும், சர்க்கரை தண்ணீரோடு கீழே நிற்கும். கேலஸை எடுக்கும்போது அடியில் ஒட்டியிருக்கும் அகரைச் சுரண்டிவிட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரில் சட்டென்று ஒருமுறை அலசி, வடிதாளில் ஒற்றி எடுப்பதும் உதவும். ஊற விடாதீர்கள், உள்ளே இருப்பதும் வெளியே வந்துவிடும். கிணற்றுத் தண்ணீரில் அலசுகிற வேலையே வேண்டாம், நம் பக்கத்து நிலத்தடி நீரின் உப்பு உங்களுக்கே தெரியும்.

நான் பட்ட ஒரு அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு கேலஸுக்கு மொத்த பீனால் அளவு தாறுமாறாக ஏறி வந்தது. இலையைவிட அதிகம். இரண்டு நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன், சீனியருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் கேலஸே இல்லாத வெறும் வளர்தளத்தைச் சோதித்துப் பார்த்தால் அதுவும் நீலமாகிறது. இலைத் துண்டு பழுப்பாகாமல் இருக்க நானே வளர்தளத்தில் போட்ட வைட்டமின் சி! மொத்த பீனால் சோதனையில் நிறம் காட்டும் ஃபோலின் கரைசலுக்குப் பீனால் என்றும் வைட்டமின் சி என்றும் பேதம் தெரியாது, எலக்ட்ரான் தரும் எதைக் கண்டாலும் நீலமாகும். டைரோசின் உள்ள புரதத்துக்கும் ஆகும். அன்றிலிருந்து வெறும் வளர்தளத்தையும் ஒரு மாதிரியாக வைத்துச் சோதிக்காமல் எந்த எண்ணையும் நான் நம்புவதில்லை. நீங்களும் பழுப்புக்குப் பயந்து ஏதாவது போட்டிருந்தால் சொல்லுங்கள். பிவிபி என்கிற பாலிமர் போட்டிருந்தால் அது நேர்மாறு, பீனாலைப் பிடித்து வைத்துக்கொண்டு பீனால் அளவைக் குறைத்துக் காட்டலாம்.

இனி கரைப்பான். எத்தனாலும் தண்ணீரும் கலந்ததுதான், 50க்கும் 80க்கும் நடுவில் எங்கோ. தனி எத்தனால் வேண்டாம், தண்ணீர் இல்லாமல் செல் உப்பிக் கொடுக்காது. தனித் தண்ணீரும் வேண்டாம், நொதியும் சர்க்கரையும் பிசினும் சேர்ந்து வரும். மெத்தனால் ஆய்வகச் சோதனைக்கு நன்றாகவே வேலை செய்யும், ஆனால் நாளைக்கு இந்தச் சாற்றை யாராவது வாயில் வைக்கப் போகிறார்கள் என்றால் தொடாதீர்கள். எத்தனால் வாங்கக் கல்லூரியில் எழுத்து வேலை அதிகம் என்பது தெரியும், அதற்காகவே பாதிப் பேர் மெத்தனாலில் நிற்கிறார்கள். பொடிக்கும் கரைப்பானுக்கும் ஒன்றுக்கு முப்பது என்று வையுங்கள், 200 மில்லிகிராமுக்கு 6 மில்லி.

24 மணி நேரம் ஊறல் எதற்கு? இலைக்கு மேலே மெழுகு, உள்ளே நரம்பு, நார் எல்லாம் உண்டு. கேலஸ் செல்லின் சுவரோ மெல்லிசு. ஒலியலையால் அதிர வைக்கும் சோனிக்கேட்டர் தொட்டியில், அதாவது குளியலில், 20 நிமிடம் போதும். ஒரு எச்சரிக்கை: குளியலில் அலை போகப் போகத் தண்ணீர் தானாகச் சூடேறும். 30 டிகிரி என்று குறித்துவிட்டு ஆரம்பித்தால் அரை மணியில் 45ஐத் தாண்டலாம். சித்திரை, வைகாசியில் நம் மேல்தொட்டித் தண்ணீர் குழாயில் வரும்போதே கொதிநீர் மாதிரி இருக்கிறது, 30 டிகிரி என்ற எண்ணை அதில் எங்கே பிடிப்பது? மண்டபம், பாம்பன் பக்கம் இருந்தால் மீனுக்கு ஐஸ் உடைத்துத் தரும் இடத்தில் ஒரு தெர்மாகோல் பெட்டி நிறைய வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் அப்படித்தான் சமாளித்தோம். குளியலில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதே ஐஸ், சாற்றிலிருந்து கரைப்பானை ஆவியாக்கிப் பிரிக்கும் ரோட்டரி எவாப்பரேட்டருக்கும் வேண்டும். குளிர்விக்கும் குழாயில் 34 டிகிரி தண்ணீரை ஓட விட்டு, 40 டிகிரியில் எத்தனாலை ஆவியாக்கினால் ஆவி குளிராமல் பம்புக்குள் போகும். வாளியில் ஐஸ் தண்ணீர், அதில் ஒரு சின்ன மீன்தொட்டி மோட்டார், வேலை முடிந்தது.

ஆப்டிமைசேஷனை ஆரம்பிக்கும் முன்னால் கசடுச் சோதனை ஒன்று இருக்கிறது, இதைச் செய்யாமல் ஆரம்பிக்கவே கூடாது என்பேன். ஒருமுறை எடுத்த பிறகு மிஞ்சும் கசடைத் தூக்கிப் போடாமல் அதே அளவு புதுக் கரைப்பானில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை எடுங்கள். மூன்றையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். உதாரணமாக 88, 9, 3 என்று வந்தால் முதல் தடவையிலேயே இருப்பதில் 88 சதவீதம் வந்துவிட்டது. அப்படியானால் சூட்டையும் நேரத்தையும் எவ்வளவு ஆட்டினாலும் மிஞ்சி மிஞ்சி மீதி 12 சதவீதம்தான் வரும். உங்கள் 430 அதனால் 70 ஆகப் போவதில்லை. 50, 30, 20 என்று வந்தால்தான் ஆப்டிமைசேஷனுக்கு உண்மையான வேலை இருக்கிறது. கேலஸுக்குப் பெரும்பாலும் முதல் வகைதான் வரும் என்று நினைக்கிறேன். செல் சுவரோடு ஒட்டிய பீனால்கள் இந்தக் கணக்கில் வராது, அவற்றுக்குக் காரக் கரைசலில் வேக வைக்க வேண்டும், அது தனிக் கதை.

கைடு விடமாட்டார், புள்ளியியல் வேண்டும் என்றால், பல காரணிகளைக் குறைந்த சோதனை ஓட்டங்களில் சேர்த்துப் பார்க்கும் பாக்ஸ்-பென்கென் திட்டம் போடுங்கள். 1960இல் வந்த திட்டம், மூன்று காரணிகளுக்கு 12 ஓட்டமும் நடுப்புள்ளியில் மூன்றும், ஆக 15. எத்தனால் 40, 60, 80 சதவீதம். சூடு 30, 45, 60 டிகிரி. நேரம் 10, 25, 40 நிமிடம். ஓட்டங்களைச் சீட்டுக் குலுக்கிய வரிசையில் செய்யுங்கள், 30 டிகிரி எல்லாம் காலையில், 60 எல்லாம் சாயங்காலம் என்று செய்தால் சூட்டின் விளைவா டிபிபிஎச் பழசானதன் விளைவா என்று பிரிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரே பொடி. ஓட்டத்துக்கு 200 மில்லிகிராம் என்றால் 3 கிராம், சரிபார்ப்புக்கும் சொதப்பலுக்கும் சேர்த்து 5 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 83 கிராம் பச்சைக் கேலஸ் வேண்டும், பாட்டிலுக்கு 3 கிராம் என்றால் 28 பாட்டில். ஒரே நாளில் போட்டு ஒரே நாளில் எடுத்தவை. இத்தனை இருக்கிறதா என்று எண்ணிவிட்டு இறங்குங்கள். மென்பொருள் சொல்லும் உச்சம் 80 சதவீதம் என்றோ 60 டிகிரி என்றோ ஓரத்தில் போய் நின்றால், நீங்கள் உச்சத்தைக் காணவில்லை, வேலியில் முட்டி நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

அளவீட்டில் ஒன்று மட்டும். 100 மில்லிக்கு 0.1 மில்லிமோலார் டிபிபிஎச் கரைக்க ஏறத்தாழ 4 மில்லிகிராம்தான் வேண்டும். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றும் அறையில் மூன்று தசமத் தராசில் 4 மில்லிகிராமை எடைபோடுவது காற்றில் பஞ்சு பிடிக்கிற வேலை. 39.4 மில்லிகிராமை எடைபோட்டு 100 மில்லியில் கரைத்து, பிறகு பத்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள், அன்றன்றைக்குப் புதிதாக, இருட்டில் வைத்து. சாற்றுக்கே நிறம் இருந்தால் டிபிபிஎச் இல்லாத ஒரு பிளாங்க் வைத்து 517 நானோமீட்டரில் அதைக் கழிக்க வேண்டும். சாற்றிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி கைக்கு எட்டவில்லை என்றால், அவற்றைத் தகட்டிலேயே பிரித்துக் காட்டும் டிஎல்சி தகட்டில் இலைச் சாற்றையும் கேலஸ் சாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட விட்டு டிபிபிஎச் தெளித்துப் பாருங்கள். ஊதாத் தகட்டில் மஞ்சள் பொட்டுகள் விழும். எந்தப் பொட்டு இலையில் மட்டும் இருக்கிறது, எது இரண்டிலும் இருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். ரோஸ்மரினிக் அமில ஸ்டாண்டர்டு கொஞ்சம் கிடைத்தால் மூன்றாவது வரிசையில் அதையும் வையுங்கள்.

சரக்கை நிஜமாகவே கூட்ட வேண்டும் என்றால் பாட்டிலுக்குள் போங்கள். 14, 21, 28, 35ஆம் நாட்களில் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள், வளர்ச்சி ஓய்கிற நேரத்தில்தான் இந்தச் சரக்கு பொதுவாகக் கூடும், சர்க்கரையும் அப்போது தீர்ந்திருக்கும். 2,4-டி ஹார்மோன் போட்டிருந்தால் அதைக் குறைத்து, அல்லது என்ஏஏ என்கிற வேறு ஹார்மோனுக்கு மாற்றிப் பாருங்கள், 2,4-டி கேலஸை ஊத வைக்கும், சரக்கைப் பெரும்பாலும் அமுக்கிவிடும். சர்க்கரையை 3இலிருந்து 5 சதவீதம் ஆக்குங்கள், கூட்டியது தீரும் வரை காத்திருந்து எடுங்கள். கடைசி சில நாட்களுக்கு, செல்லின் தற்காப்பைத் தூண்டும் மெத்தில் ஜாஸ்மோனேட் 100 மைக்ரோமோலார் கொடுத்துப் பாருங்கள். விலை அதிகம் என்றால் இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் இருக்கிறது, நம் கரையில் இறால் ஓட்டுக்கா பஞ்சம்? பூஞ்சை வந்துவிட்டது என்று செல் நினைத்துக்கொண்டு தற்காப்புக்குப் பீனால் செய்ய ஆரம்பிக்கும். நாள் கணக்கு ஒன்றை மாற்றினாலே உங்கள் எண் இறங்கும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் எத்தனை நாள் கேலஸ் என்று நீங்கள் எழுதவே இல்லை.

அதையும், வளர்தளத்தில் என்னென்ன போட்டீர்கள், அரைத்ததும் நிறம் மாறியதா என்பதையும் எழுதுங்கள். பழைய கசடு ஃப்ரீசரில் இன்னும் இருந்தால் இன்றைக்கே இரண்டாம் முறை எடுத்துப் பார்த்து, அந்த எண்ணையும் சேர்த்துப் போடுங்கள்.